நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டோம்

என் கணவர் இறந்த அன்று மதியம், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவருடைய அண்ணன் என்னைச் சுவரோரமாக அழைத்துப் போனார். அவர் கையில் இருந்த கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"நெஞ்சுவலின்னு சொல்லிடுவோம்மா," என்றார். "புள்ளைய நெனச்சுப் பாரு. நாளைக்கு ஸ்கூல்ல யாரும் அவள ஒண்ணு சொல்லிடக்கூடாது. எல்லாத்தையும் நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காதே."

நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். என் கணவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்பது அங்கே எங்கள் இருவருக்கும், ஒரு டாக்டருக்கும், ஒரு போலீஸ்காரருக்கும் மட்டுமே தெரியும். எப்படி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு நாளில் நடந்தது. அவர் முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவர்.

பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பேட்மிண்டன். வெள்ளரிக்காயும் வடையும் நறுக்கிப் போட்ட பசெம்பூர் தட்டில் யாரும் தாங்காத அளவுக்கு மிளகாய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "காரமே இல்லலா" என்பார். கடைசி ஒரு வருடம் அவர் வேறு ஆளாக மாறிக்கொண்டு வந்தார். முதலில் தூக்கம் போனது. பிறகு பேட்மிண்டன். பிறகு பேச்சு. லீவு நாட்களில் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். எனக்கு அது நோய் என்று தெரியவில்லை. களைப்பு என்று நினைத்தேன். ஏழு வயது மகள் கூடத்தில் ஓடினாலும் பாடினாலும் நான் அவளை அதட்டுவேன். "சத்தம் போடாதே. அப்பாவுக்கு உடம்பு முடியல."

இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. என் மகளுக்குத் தெரிந்திருந்தது.

*

சடங்கெல்லாம் முடிந்து வீடு காலியானதும், எங்கள் மாடியில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா வந்தார். அவர் கணவருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை. அதுவரை லிஃப்டில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியலம்மா. தப்பா ஏதாச்சும் சொல்லிடுவேனோன்னு இத்தனை நாளா பயந்துக்கிட்டு வரல. இனிமே வருவேன். நீ பேசணும்னு இல்ல."

அன்றிலிருந்து வந்தார். என் வேலை புக்கிட் தெங்காவில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. கம்பெனி பஸ் கடல்பாலத்தைத் தாண்டி, தீவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்க்க மாலை ஏழாகிவிடும். அதுவரை மகள் அந்த அக்கா வீட்டில் இருப்பாள். வீட்டுப்பாடம் செய்வாள், சாப்பிடுவாள், நல்ல பிள்ளையாக இருப்பாள்.

மிகவும் நல்ல பிள்ளையாக இருந்தாள். அப்பாவைக் கேட்டு அவள் அழுததெல்லாம் முதல் மாதத்தோடு நின்றுவிட்டது. சொன்னதைச் செய்வாள். காலணியைக் கழற்றினால் கையால் எடுத்து வைப்பாள். கதவைச் சாத்தும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்து, மெல்ல விடுவாள். பார்த்தவர்கள் எல்லோரும், "அப்பா போனதுல இருந்து எவ்வளவு பொறுப்பு பாரு," என்றார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. இவ்வளவு நடந்தும் பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அவளுடைய வகுப்பாசிரியை ஒரு நாள் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

"கம்ப்ளைன் இல்லம்மா," என்றுதான் ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு கவனிச்சேன். எல்லாரும் சேர்ந்து பாடுற நேரத்துல இவ வாயை மட்டும் அசைக்கிறா, சத்தம் வர்றதில்ல. விளையாட்டுல பந்து வேணும்னா கூடக் கூப்பிட மாட்டேங்குறா. ஒரு நாள் பின்னாடி இருந்த பையன் கத்தினான். இவ என்கிட்ட ஓடி வந்து, 'டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் இல்லயே'ன்னு கேட்டா. எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

எனக்கும் புரியவில்லை.

புரிந்தது அதே வாரம் சனிக்கிழமை காலையில். சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து, சுழன்று, அடங்காமல் அதிர்ந்தது. மகள் கூடத்திலிருந்து ஓடி வந்தாள். தட்டை அவள் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"என்னடி வலிக்குது?"

"நெஞ்சு. வலிக்குதா?"

அவளைத் தரையிலேயே உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அப்பா இறப்பதற்கு முந்தின நாள் மாலை, கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் அடம்பிடித்திருக்கிறாள். அவர் வரவில்லை என்றதும் கூடத்தில் நின்று கத்தியிருக்கிறாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்து செத்துப்போனார்.

"நீதான் சொன்னியே, சத்தம் போடாதேன்னு," என்றாள். "நான் போட்டேன்."

இரண்டு வருடமாக என் மகள் தன் அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டு, காலணியைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளைக் காப்பாற்றத்தான் நாங்கள் அந்தப் பொய்யைச் சொன்னோம்.

*

அன்று அவளைக் கட்டிக்கொண்டு, "உன்னால இல்ல, உன்னால இல்ல," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவள் முதுகே சொன்னது. காரணம் இல்லாமல் "உன்னால் இல்லை" என்றால் எந்தப் பிள்ளைதான் நம்பும்?

திங்கட்கிழமை எங்கள் தொழிற்சாலை நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஆலோசகர் ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். மலாயில் பேசிக்கொண்டோம். நான் போனதே ஒரு அனுமதி வாங்கத்தான். இன்னும் சில வருடம் கழித்துச் சொல்லலாமா, அவள் பெரியவளான பிறகு சொல்லலாமா என்று கேட்டேன்.

"அவள் ஏற்கெனவே ஒரு பதிலோடுதான் வாழ்கிறாள்," என்றார் அவர். "நீங்கள் சொல்லப்போவது அதைவிடக் கொடுமையாகவா இருக்கும்?"

எப்படிச் சொல்வது என்பதையும் சொல்லித் தந்தார். சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். எப்படி நடந்தது என்ற விவரம் வேண்டாம். அது ஒரு நோய் என்பதைச் சொல்லுங்கள், யாருடைய பேச்சாலும் செயலாலும் வந்ததில்லை என்பதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரே நாளில் முடியாது, அவள் திரும்பத் திரும்ப வந்து கேட்பாள், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக என்னைப் பார்த்து, குரலை மாற்றாமல் கேட்டார். "உங்களுக்கு எப்போதாவது சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா?"

என்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று வந்தது. முதல் வருடத்தில், கம்பெனி பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன் என்று சொன்னேன். இப்போது இல்லை, ஆனால் அப்போது இருந்தது. அவர் அதிர்ச்சி அடையவில்லை, என்னைத் திட்டவில்லை. இன்னும் சில கேள்விகள் கேட்டார், அடுத்த மாதமும் வரச் சொன்னார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்காக ஒரு மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், அவர் சொன்னதெல்லாம் மலாயில் இருந்தது. நான் என் மகளோடு பேசுவது தமிழில். தற்கொலை என்பது செய்தித்தாளில் வரும் வார்த்தை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போய்ச் சேராது. மற்ற வார்த்தைகளில் ஒன்று அவரைக் குற்றவாளி ஆக்கியது, இன்னொன்று கோழை ஆக்கியது. ஒரு வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து வாக்கியங்களை மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டேன். மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் உண்மையைச் சொல்லி, அவரிடமே ஒத்திகை பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரிய இன்னும் மெதுவாச் சொல்லு," என்றார்.

ஞாயிறு காலை, பசியாறி முடித்த பிறகு மகளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு நாங்க சொன்னது உண்மை இல்லம்மா. தப்பு எங்க மேல. அப்பாவுக்கு நெஞ்சுல நோய் இல்ல, மனசுல நோய். அது ரொம்ப முத்திப்போய், இனிமே வாழவே முடியாதுன்னு அவருக்குத் தோண ஆரம்பிச்சிருச்சு. அப்பா தானே தன் உயிரை முடிச்சுக்கிட்டார். நீ கத்துனதால இல்ல. அந்த நோய் அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே இருந்துச்சு. நீ கத்தாம இருந்திருந்தாலும் இருந்திருக்கும்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ, சத்தம் போட்டா நெஞ்சுவலி வராதா?"

"வராது."

"நிஜமாவா?"

"நிஜமா."

சுருட்டிய ஓரத்தை நீவிவிட்டாள். "மைலோ குடிக்கலாமா?" என்றாள்.

கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். அவ்வளவுதானா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம், நான் எதிர்பார்க்காத இடங்களிலெல்லாம் கேள்வி வந்தது. சந்தையில் மீன்காரர் முன்னால், "அப்பா அழுதாரா?" தெரியாது என்றேன். லிஃப்டில், "அப்பாவுக்கு நம்மள புடிக்கலயா?" புடிச்சுது, அந்த நோய் அதை மறைச்சிருச்சு என்றேன். பல் துலக்கும்போது, வாய் நிறைய நுரையோடு, "நீயும் அப்படிப் பண்ணுவியா?"

அந்தக் கேள்வி வரும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு எந்த நோயும் வராது என்று சத்தியம் செய்யாதீர்கள், வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள் என்றிருந்தார்.

"எனக்கு அந்த மாதிரி தோண ஆரம்பிச்சா நான் மறைக்க மாட்டேன்," என்றேன். "உன்னைப் பார்த்துக்கிற ஆன்ட்டிகிட்ட சொல்வேன். ஃபேக்டரி நர்ஸ்கிட்ட சொல்வேன். டாக்டர்கிட்ட போவேன். மருந்து குடுத்தா சாப்பிடுவேன்."

"என்கிட்ட சொல்வியா?"

"உடம்பு சரியில்லன்னு உன்கிட்டயும் சொல்வேன். ஆனா என்னைப் பார்த்துக்கிறது உன் வேலை இல்ல. அது பெரியவங்க வேலை."

வாய் கொப்பளித்துவிட்டு, "சரி," என்றாள். மறுநாள் அந்த மூன்று பேரின் பெயரையும் எண்களையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவளே ஒட்டினாள்.

*

அந்த வருடத் தீபாவளிக்கு என் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், லாரி ஓட்டுநர். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ ஒரு சித்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஹார்ட்ல ப்ராப்ளம் குடும்பத்துல இருக்குல்ல, எல்லாரும் செக் பண்ணிக்குங்க," என்றார். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. மனசுல நோய். அதனாலதான் செத்துப்போனார்," என்றாள்.

அண்ணன் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"இதுக்குத்தான் நான் அன்னிக்கு அவ்வளவு பேசினேனா? என் தம்பி பேரை நீயே கெடுத்துட்டியே!"

"அவ ரெண்டு வருஷமா தன்னாலதான் அப்பா செத்தார்னு நெனச்சுக்கிட்டு இருந்தா அண்ணே," என்றேன். அவர் காதில் அது விழவில்லை. நாங்கள் சாப்பிடாமலே கிளம்பினோம். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். தேநீர் வைத்தேன், தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு காலையில எனக்கு போன் பண்ணான்மா," என்றார். "லாரிய பின்னால எடுத்துக்கிட்டு இருந்தேன். 'அண்ணே, முடியலண்ணே'ன்னான். என்ன முடியலன்னு கூடக் கேக்கல நான். 'ஆம்பிளையா இரு, வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்'னு வெச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சுவலி என்ற பொய்யை அவர் என் மகளுக்காக மட்டும் சொல்லவில்லை. நெஞ்சுவலி என்றால் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்றுதான் அவர் இரண்டு வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியிருக்கிறார். என் மகள் தீபாவளியன்று அதை உருவிவிட்டாள்.

பழைய நானாக இருந்திருந்தால், "அப்படியெல்லாம் நெனக்காதீங்கண்ணே," என்று சொல்லி, பேச்சை மாற்றித் தேநீரைச் சூடு பண்ணப் போயிருப்பேன். போகவில்லை. அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, நேராக் கேக்குறேன். உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

அவர் நிமிர்ந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ கனமானதைக் கீழே வைக்க இடம் கிடைத்தது போலத் தோள்கள் இறங்கின.

"தினமும் இல்லம்மா," என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டு நான் பயந்தேன். பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். அவருடைய மனைவியைக் கைப்பேசியில் அழைத்து, அவர் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா. கேக்கத்தான் தைரியம் இல்ல. இப்பவே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வர்றேன்," என்றார் அண்ணி. நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணனின் காடிச் சாவியை வாங்கி, காரை நானே மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

பாதி வழியில் கேட்டார். "சொன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்களா?"

"இல்லண்ணே. உயிரை விட முயற்சி பண்ணவங்களைக்கூட இப்ப புடிக்கிறது இல்ல, அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. நீங்க வைத்தியம் பார்க்கத்தான் போறீங்க."

"லைசென்ஸை எடுத்துருவாங்களா?"

"எனக்குத் தெரியாது. டாக்டரையே கேப்போம்."

மருத்துவமனையில் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். அண்ணியும் வந்து சேர்ந்து, அவருடைய இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தார். காத்திருக்கக் காத்திருக்க அண்ணனுக்கு எரிச்சல் ஏறியது. ஏர்கான் குளிர் என்றார், எண்ணைத் தாண்டிக் கூப்பிடுகிறார்கள் என்றார். அவர் குறை சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே கூப்பிட்டபோது ஒரு இளம் டாக்டர், நான் கேட்ட அதே கேள்வியை மலாயில் கேட்டார். இந்த முறை அண்ணன் உடனே பதில் சொன்னார்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார்கள். டாக்டர் சொன்னபடி இரண்டு மாதம் லாரியைத் தொடவில்லை. நடுவில் ஒரு வாரம் மறுபடி மோசமாகி, வீட்டில் அவரைத் தனியாக விடாமல் அண்ணியும் அவர்கள் பிள்ளைகளும் மாற்றி மாற்றி லீவு போட்டார்கள். ஆலோசகரிடம் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி எத்தனை தடவை பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை என்னிடம் சொன்னார். "அன்னிக்கு அவன் போனை எடுத்தேன்ல, அது ஒண்ணு. என்ன சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலல்ல, அது ஒண்ணு. என்னை நானே மன்னிக்கிறதுல அது வரைக்கும் வந்திருக்கேன்மா." அது போதும் என்று நினைத்தேன்.

என் மகளிடமும் அவர் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம் படிக்கிறாள். பெரியப்பாவோடு சேர்ந்து பேட்மிண்டன் ஆடுகிறாள், புள்ளிக் கணக்கில் சண்டை போடுகிறாள். அவர்களை அடக்க நான் போவதில்லை.

*

போன மாதம் அண்ணன் கூப்பிட்டார். அவரோடு வேலை செய்யும் ஒருவரின் மருமகன் தன் உயிரை முடித்துக்கொண்டார். வீடு புக்கிட் மெர்தாஜாமில். மனைவிக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள்.

"நீயும் வாம்மா," என்றார். "எனக்கு அங்க என்ன பேசுறதுன்னு தெரியல. ஆனா போகாம இருக்கக்கூடாது."

போனோம். கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாசலில் நின்ற மாமா ஒருவர், வருகிறவர்களிடமெல்லாம் விபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதுவும் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு அவர்களால் அவ்வளவுதான் தாங்க முடிந்தது. அண்ணன் நேராகப் போய் அந்த மாமாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். பிள்ளைகள் ஏதாவது கேட்கும்போது, அல்லது உனக்கே பேச வேண்டும் போலிருந்தால், கூப்பிடு என்று என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினோரு நாள் கழித்து, மதிய உணவு இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தொழிற்சாலைக் கேண்டீன் சத்தத்தில் குரல் முதலில் பிடிபடவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே, கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

"அக்கா, நான்தான். அன்னிக்கு நம்பர் குடுத்தீங்களே," என்றாள். "பெரியவன் கேக்குறான்க்கா. அப்பா எந்த ரோட்டுல காடிய மோதுனார், காட்டுன்னு கேக்குறான். நான் என்ன சொல்றது?"

"சேர்ந்து யோசிச்சுச் சொல்லலாம்," என்றேன். "முதல்ல நீ சொல்லு. நீ சாப்பிட்டியா, தூங்குறியா?"

அவள் அழ ஆரம்பித்தாள். நான் பஸ்ஸின் நிழலில் கல்மேடையில் உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன்.